கருப்பு வண்டியின் கை

விலை பேசுவது என்றால் எனக்கு இன்றைக்கும் உள்ளூர ஒரு நடுக்கம். காதர்பேட்டையில் அரை டஜன் பனியன் எடுக்கப் போனால்கூடக் கடைக்காரர் சொன்னதைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். வீட்டுக்காரர் இதற்காகவே என்னைக் கடைக்கு அனுப்புவதில்லை. ஏன் இப்படி ஏமாளியாக இருக்கிறாய் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டார். சொன்னால் சிரிப்பார், அதனால் சொன்னதில்லை.

ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் அம்மாவும் நானும் பெருமாநல்லூர்ப் பக்கம் அம்மா பிறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மாவைப் பெற்ற அப்புச்சி அந்தத் தை மாதந்தான் தவறியிருந்தார். வீடும் காம்பவுண்டும் அம்மாவின் தம்பி, என் மாமாவின் கைக்கு வந்திருந்தன. மாமா முன்பக்கத்தில் பத்துத் தையல் மிசின் போட்டு யூனிட் நடத்திக்கொண்டிருந்தார். ஆர்டர் வந்து குவிந்த காலம் அது. இன்னும் இருபது மிசின் போட வேண்டும், இடமில்லை. இடம் இருந்ததெல்லாம் பின்பக்கத்துத் தகரச் செட்டில்தான். அந்தச் செட்டுக்குள் அப்புச்சியின் கார் நின்றது.

வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்த கார். வால்பாறையில் ஏதோ எஸ்டேட் துரையிடம் அப்புச்சி வாங்கியதாம். கம்பெனிப் பேரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கருப்பு வண்டி, அவ்வளவுதான். இப்போதைய கார்களைப் போல அதில் சிமிட்டுகிற விளக்கு கிடையாது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணில், பக்கத்துக்கு ஒன்றாக ஒரு சாண் நீளக் கை மடங்கிப் படுத்திருக்கும். வண்டி திரும்பும்போது பட்டனைத் தட்டினால் 'டக்'கென்று வெளியே நீட்டிக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் எரியும். நிறுத்தினால் தானாக மடங்கிவிடும். அப்புச்சி சந்து முனையில் திரும்பும்போது அந்த இடது கை நீளுமாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் சின்னப் பிள்ளையாக இருந்த அம்மா ஓடிப் போய்க் கேட்டைத் திறப்பாளாம்.

அந்த லீவு முழுக்க அம்மா தினமும் பனியன் வேஸ்ட் துணியை எடுத்துக்கொண்டு போய் வண்டியைத் துடைத்தாள். ஓடி ஆறேழு வருசமான வண்டியை எதற்குத் துடைப்பது? கேட்டேன். "இது உனக்குத்தான்னு அப்பன் எங்கிட்டச் சொல்லியிருக்காரு கண்ணு. யார்கிட்டயும் சொல்லிராதே" என்றாள். நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்த பெண், தகப்பன் செத்த நாலு மாசத்தில் வண்டியைக் கொடு என்று தம்பி முன்னால் எப்படி நிற்பாள்? ஊர் சிரிக்கும். எனக்கு அதெல்லாம் அரைகுறையாகத்தான் புரிந்தது. வண்டி அம்மாவுக்கு வேண்டும், அம்மாவால் வாய் திறந்து கேட்க முடியாது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

முதலில் வந்தவர் காயலான் கடைக்காரர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், டயரை உதைத்தார், கதவைத் தூக்கிக் கனம் பார்த்தார். இரும்பு விலைதான் போடமுடியும், எட்டாயிரம் என்றார். அவர் வாயை மூடவில்லை, டக்கென்று இடது கை வெளியே வந்தது. வந்ததோடு எரியவும் எரிந்தது.

மாமா பானெட்டைத் திறந்து பார்த்தார். பேட்டரியை எப்போதோ கழற்றியாயிற்று. அது இருந்த இடத்தில் ஓர் எலிக்கூடுதான் கிடந்தது. ஏதோ ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று மாமா சிரித்தார். ஸ்பிரிங் தளர்ந்தால் விளக்கு எப்படி எரியும் என்று நான் கேட்டேன். போய் விளையாடு என்று விரட்டிவிட்டார்.

அடுத்து அவிநாசியிலிருந்து புரோக்கர் ஒருத்தர் வந்தார், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப் பழைய வண்டி தேடிக்கொண்டு. மரியாதைக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து பதினெட்டு என்றார். கை வந்தது. இடது காதுப் பக்கம் யாரோ விரலைச் சொடுக்கினதுபோல இருந்திருக்கும், திடுக்கிட்டுத் திரும்பினார். மெதுவாகக் கை மடங்கியது. சரி, இருபது என்றார். மறுபடியும் டக். மனுசன் இறங்கி ஓடியேவிட்டார். அவர் செருப்பு நாலு நாள் அங்கேயே கிடந்தது. யூனிட்டில் வேலை செய்த பெண்கள் செட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குக்கூட அந்தப் பக்கம் ஓர் ஆள் நடமாட்டம் இல்லை.

எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பயத்தைவிடச் சந்தோசம்தான் பெரிதாக இருந்தது. அம்மாவுக்குக் கொடுத்ததை விற்க அப்புச்சி விடமாட்டேன் என்கிறார், வேறென்ன?

மாமாதான் இளைத்துப் போனார். வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார், குலதெய்வம் கோயிலுக்குப் போய்வந்தார். அப்புச்சி உயிர் போன அன்றைக்கு மாமா பக்கத்தில் இல்லை. ஷிப்மென்ட் நாள், கன்டெய்னர் லாரி வந்து நிற்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அக்கா, அப்பனுக்கு எம்மேல இன்னும் கோவம் ஆறலீங்க. அதான் கையை நீட்டி நீட்டிப் போகச் சொல்றாரு."

அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடைசியாகக் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். ஒல்லியாக, வெள்ளைச் சட்டை போட்டு, வாத்தியார் மாதிரி இருந்தார். பழைய வண்டி சேர்க்கிற பைத்தியம் என்று மாமா முன்னாலேயே சொல்லியிருந்தார். இவர் டயரை உதைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து வண்டி உடம்பு முழுக்க ஒட்டி ஒட்டிப் பார்த்தார். ஒட்டாத இடத்தில் தகரம் போய்ப் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தமாம். கோணியை விரித்து அடியில் படுத்துப் பார்த்தார். இஞ்சின் நம்பரையும் ஆர்சி புத்தகத்தில் இருந்த நம்பரையும் ஒத்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆகியும் விலையே பேசவில்லை.

மாமா டீ சொல்லப் போன நேரத்தில் என்னிடம் கேட்டார், இந்தக் கை வேலை செய்யுமா கண்ணு என்று. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! அது கை இல்லை, எங்கள் அப்புச்சி என்றேன். "விலை குறைச்சுக் கேட்டா எந்திரிக்குமுங்க" என்றேன். எவ்வளவு கேட்டாலும் எழும், இவரும் செருப்பை விட்டுவிட்டு ஓடுவார் என்பது என் கணக்கு. அவர் சிரிக்கவில்லை. அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மாமா வந்தார். அம்மா மாட்டுக்குத் தவிடு எடுக்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. முன்பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பத்து மிசினும் ஒரே சமயத்தில் அடங்கின. பக்கத்து யூனிட்டும், அதற்கடுத்ததும்.

கோயம்புத்தூர்க்காரர் மாமாவிடம் விலை பேசவில்லை. இடது பக்கத் தூணுக்கு எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். பெரியவர் ஒருத்தரிடம் பேசுகிற மரியாதையோடு அந்தக் கையிடம் பேசினார்.

"நாப்பதுங்க."

டக். செட்டின் இருட்டில் அந்த ஆரஞ்சு வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. மடங்கும்வரை காத்திருந்துவிட்டு ஐம்பது என்றார். டக். அறுபது என்றார். டக். மாமாவுக்கு வேர்த்து ஊற்றியது. அவர் மனதில் வைத்திருந்ததே இருபத்தைந்துதான். போதுமுங்க, கொடுத்துவிடுகிறேன் என்று குழறினார். கோயம்புத்தூர்க்காரர் திரும்பாமலே மாமாவைக் கையமர்த்தினார்.

"இருங்க. பெரியவர் இன்னும் ஒத்துக்கலீங்களே." அப்புறம் தூணைப் பார்த்துச் சொன்னார். "எழுபத்தஞ்சுங்க. ஓடாத வண்டி, பாகம் கிடைக்காது. ஆனா உடம்புல பட்டி இல்லை, நம்பர் மாறலை. நான் பார்த்தவரைக்கும் இதுதானுங்க நியாயமான விலை. இதுக்கு மேல எங்கிட்டவும் இல்லை."

கை எழவில்லை.

காத்திருந்தோம். செட்டுக்கு மேலே ஓர் அணில் ஓடியது. நான் மனதுக்குள் எந்திரிங்க அப்புச்சி, எந்திரிங்க அப்புச்சி என்று கத்திக்கொண்டிருந்தேன். எழவேயில்லை. கரண்ட் வந்து மிசின்கள் ஒரேயடியாக இரைந்தபோது நாங்கள் மூன்று பேரும் தூக்கிவாரிப்போட்டு நின்றோம். மாமா பானெட் மேல் தலையைக் கவிழ்த்து, அப்பா அப்பா என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு ராத்திரி ரொம்ப நாளைக்கப்புறம் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே அந்த இடத்தில் இருபது மிசின் ஓடியது. கோயம்புத்தூர்க்காரர் போன் பண்ணினாராம். இரண்டு கையும் அருமையாக வேலை செய்கிறதாம், ஒரு கம்பியைக்கூட மாற்றவில்லையாம்.

அம்மா இதைப் பற்றி என்னிடம் பேசியது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகு. செட்டுக்குப் பின்சுவரை ஒட்டித்தான் தவிட்டு அறை. சுவரில் எலி போன ஓட்டை ஒன்று உண்டு. அதன் வழியாக இரண்டு ஒயரைப் புழுதிக்குள் மறைத்து, வண்டிக்கு அடியில் பழைய ஒயர்களோடு ஒயராக விட்டு இடது கையோடு சேர்த்திருக்கிறாள். மாமாவின் பழைய மொபெட் பேட்டரி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. சின்ன வயதில் அப்புச்சிக்கு ஸ்பேனர் எடுத்துக்கொடுத்துக் கற்றுக்கொண்ட வேலை. யார் விலை கேட்டாலும் ஒயரைத் தொடவேண்டியதுதான், கை எழும். ஆட்கள் பயந்து போகட்டும், வண்டி நிற்கட்டும் என்பதுதான் எண்ணம். தம்பி இளைத்ததைப் பார்த்துத் தனக்கும் சோறு இறங்கவில்லை என்றாள்.

அதனால்தான் எழுபத்தைந்துக்கு விட்டுவிட்டாயா என்று கேட்டேன்.

"எங்கடி விட்டேன்? வெச்சேன். ஒயரை எடுத்து எடுத்து வெச்சேன், விரல் சுட்டுப்போச்சு. அப்பன் எந்திரிக்கலை."

பேட்டரி தீர்ந்திருக்கும் என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நீதான் பார்த்தாயே என்றாள்.

ஆமாம், பார்த்தேன். விலை படிந்த அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவைத் தேடிக்கொண்டு தவிட்டு அறைக்குப் போனேன். மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் தவிடு, கட்டைவிரல் கருத்திருந்தது. கை எழுந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒருதடவைகூடவா, நன்றாகப் பார்த்தாயா என்றாள். வண்டி போகிற வருத்தத்தில் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். மூட்டைக்குப் பின்னாலிருந்து வந்து மடியில் கிடந்த ஒயர் இரண்டையும் அம்மா எடுத்து முனையோடு முனை உரசினாள். நீலமாக ஒரு பொறி படபடவென்று வெடித்து அவள் முகம் முழுக்க வெளிச்சம் அடித்தது. மறுபடியும் உரசினாள், மறுபடியும் அதே வெளிச்சம். ஒயரைக் கீழே போட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அது மத்தாப்பு மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. இன்னொருக்கா பண்ணும்மா என்று கையைத் தட்டினேன்.