அடுத்த முளை

கல்லறைக் குழி வெட்டி முடித்ததும் ஸ்தனிஸ்லாஸ் அதில் மல்லாந்து படுத்துப் பார்ப்பார். முதுகில் கல் உறுத்தினால் எழுந்து, கடப்பாரையால் நெம்பி எறிந்துவிட்டு மறுபடி படுப்பார். பார்க்கிறவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். "படுக்கறவங்க எந்திரிச்சு வந்து கல்லு குத்துதுன்னு சொல்லவா போறாங்க? நாமதான் பாக்கணுமுங்க" என்பார்.

மண் மூடியதும் இன்னொரு வேலை உண்டு. புது மேட்டிலிருந்து மூன்று முழம் அளந்து, அடுத்த குழிக்கு ஒரு முளைக்குச்சி அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அந்த முளையை ஊரில் யாரும் நேராகப் பார்ப்பதில்லை. "யாருக்குன்னு மொளைக்குத் தெரியாதுங்க. தெரியவும் கூடாதுன்னு சாமி சொல்லியிருக்காங்க."

சாமி என்றால் பங்குச் சாமியார் இன்னாசி. கடத்தூருக்குத் தெற்கே உள்ள அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், எழுபத்தொன்பதாம் வருடம் வரை நடுவே ஒரு சுவர் இருந்தது. நிலக்காரர்கள் இந்தப் பக்கம், காலனிக்காரர்கள் அந்தப் பக்கம். சாமியார் சுவரை இடித்தார். இனி சாகிற வரிசையில்தான் குழி என்றார். அதோடு விட்டாரா? குழி வெட்ட நிலக்கார வீட்டிலிருந்து ஒருவர் வரட்டும் என்றார். கோயிலே தலையைக் குனிந்துகொண்டது. ஸ்தனிஸ்லாஸ் மட்டும் எழுந்து நின்றார். எப்படி எழுந்தோம் என்று அவருக்கே இன்றுவரை விளங்கவில்லை. பங்காளிகள் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எண்பத்தைந்து ஆடியில், மொரப்பூரிலிருந்து வந்த பஸ்ஸில் உட்கார்ந்தபடியே சாமியார் இறந்துபோனார். கண்டக்டர் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. வயது ஐம்பத்திரண்டு. ஸ்தனிஸ்லாசுக்கு அழுகை வரவில்லை, காதுதான் அடைத்துக்கொண்டது. குழி வெட்டினார், வழக்கம்போல் படுத்துப் பார்த்தார், எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் இறங்கித் தூக்கிவிட்டார்கள். ஆனாலும் பக்கத்தில் முளை அடிக்க மறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு பெரியநாயகம் வந்தார். ஸ்தனிஸ்லாசின் பெரியப்பா மகன். சாமியாரின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து தேம்பித் தேம்பி அழுதவர்.

"சாமி பக்கத்து எடத்த அம்மாவுக்கு வுட்டு வை தம்பி. அவங்க இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்கறாங்க. வரிச கிரிச எல்லாம் சாமியோட போச்சு."

ஸ்தனிஸ்லாசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மேட்டில் மண்கூட இன்னும் இறுகவில்லை. அதைவிடக் கொடுமை, அம்மா என்றது ஆரோக்கியம்மாளை. தாயில்லாத ஸ்தனிஸ்லாசுக்குச் சோறு போட்டு ஆளாக்கிய பெரியம்மா. முளை அடித்தாகிவிட்டது என்று மட்டும் முனகினார்.

அதற்கு நான்காம் நாள் காலை காலனியில் மதலேனம்மாள் இறந்தார். பெரியநாயகத்தின் காட்டில் முப்பது வருடம் கடலை பிடுங்கியவர். சேதி கேட்டுப் பெரியநாயகம் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடிவந்தபோது, சாமியாருக்குப் பக்கத்தில் ஸ்தனிஸ்லாஸ் இடுப்பளவு குழிக்குள் நின்றிருந்தார்.

"சோறு போட்ட கைக்கு இதான் நீ செய்யறதா? இன்னியோட நம்ம ஒறவு அத்துப் போச்சு."

ஸ்தனிஸ்லாஸ் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "சாமி இருந்திருந்தா நீங்க கேட்டிருக்க மாட்டீங்கண்ணா. அவரு போனதும் கேக்கறீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல."

சொல்லிவிட்டு மண்ணை அள்ளினார். முடிந்ததும் மதலேனம்மாளுக்காகவும் படுத்துப் பார்த்தார்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தது. பெரியநாயகம் மட்டும் தோட்டத்துக் கேட் அருகே நின்றிருந்தார். மதலேனம்மாளின் மேட்டிலிருந்து ஸ்தனிஸ்லாஸ் மூன்று முழம் அளந்தார், முளையை ஊன்றி அடித்தார். யாருக்கென்று இந்த ஒரு தடவை அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்குப் போகாமல் அங்கேயே குந்தி உட்கார்ந்து, முளையைச் சுற்றிக் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிய ஆரம்பித்தார்.