குமிழி வந்தால் நல்லது

பஸ் டிப்போவுக்கு எதிரே, சாலை வளைகிற இடத்தில் அவருடைய பஞ்சர் கடை. பெயர்ப்பலகை கிடையாது. பழைய லாரி டயர் ஒன்றை நிறுத்திவைத்து, அதன்மேல் வெள்ளைப் பெயின்டில் 'காற்று' என்று எழுதியிருப்பார். அதனால் அவர் எல்லோருக்கும் காத்துக்காரர். உள்ளே ஒரு கம்ப்ரசர், ஒரு மர ஸ்டூல், ஆணிகளில் தொங்கும் ட்யூபுகள். வாசலில், பாதியாக அறுத்த பீப்பாயில் தண்ணீர். ஓட்டை ட்யூபில் காற்றடித்து அந்தத் தண்ணீரில் முக்கி மெல்லத் திருப்புவார். எங்கே குமிழி கிளம்புகிறதோ அங்கே கட்டைவிரலை வைத்து அழுத்துவார். "மாட்னியா?" என்பார் ட்யூபிடம்.

அவர் மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பவர். கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணின் சைக்கிளில் அடிக்கடி காற்று இறங்கிவிடும். தண்ணீரில் முக்கினால் ஒரு குமிழியும் வராது. வால்வைத் தளர்த்தியது யார் என்று கேட்டால் இன்றைக்கும் அவர் மனைவியைக் கைகாட்டுவார், மனைவி அவரைக் கைகாட்டுவார். எப்படியோ, கல்யாணம் நடந்தது. குழந்தைதான் பல வருடம் தங்கவில்லை. கடைசியில் ஒன்று தங்கி, ஏழாம் மாதத்தில், காஜா மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே பனிக்குடம் உடைந்துவிட்டது.

குறைமாதக் குழந்தைகள் பிரிவில் நான் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பிரிவில் மற்றதெல்லாம் பிறகு. முதல் கவலை எப்போதும் மூச்சுதான். அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

கருவில் நுரையீரல் தொடங்குவது தொண்டைக்குக் கீழே ஒரு சின்ன மொட்டாக. அது இரண்டாகப் பிரியும். ஒவ்வொன்றும் மறுபடி பிரியும். பிரிந்து பிரிந்து, நடுமாதங்களில் கிளைகள் ஏறக்குறைய முடிந்துவிடும். ஆனால் கிளை இருந்தால் போதாது, இலை வேண்டும். நுனியில் காற்றுப் பைகள் விரிந்து, அவற்றின் சுவர் மெலிந்து, ரத்தக் குழாய்கள் அவற்றோடு ஒட்டி வரவேண்டும். அது கடைசி மாதங்களின் வேலை. அதுவரை நுரையீரலுக்குள் காற்று கிடையாது, தண்ணீர்தான். அதுவும் நுரையீரலே சுரக்கிற தண்ணீர். குழந்தைக்கு வேண்டிய பிராணவாயுவை அம்மாவின் ரத்தம் தொப்புள்கொடி வழியே அனுப்பிவிடும். ஆனாலும் குழந்தை சும்மா இருப்பதில்லை. உள்ளேயே நெஞ்சை விரித்துச் சுருக்கி மூச்சு விட்டுப் பழகும். தண்ணீரை வைத்து ஒத்திகை. அந்த ஒத்திகை இல்லாவிட்டால் நுரையீரல் சரியாக வளராது.

ஒத்திகையின் நடுவில் திரையைத் தூக்கிவிட்ட மாதிரித்தான் ஏழாம் மாதப் பிரசவம். வலியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்கான ஊசியை அம்மாவுக்குப் போட்டோம். ஊசி வேலை செய்யக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது, பிறகு பெண் குழந்தை பிறந்தது. ஒரு தடவை அழுதாள். அப்புறம் ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போனது.

டாக்டரம்மா வெளியே வந்து காத்துக்காரரிடம் சொன்னார். "மூச்சுப் பை விரியுது, ஆனா விரிஞ்சபடி நிக்க மாட்டேங்குது. உள்பக்கம் சோப்பு மாதிரி ஒண்ணு பூசியிருக்கணும். அது இவளுக்கு இன்னும் போதுமான அளவு ஊறலை. ட்யூப் போட்டு மருந்தா விடப்போறோம்."

"எந்த சைஸ் ட்யூப்?" என்று கேட்டார் அவர். கேலி இல்லை. பயத்தில் வாயில் வந்தது அதுதான்.

டாக்டரம்மா சிரிக்காமல் தன் சுண்டுவிரலைப் பாதி மடக்கிக் காட்டினார். "இதைவிட ரொம்பச் சின்னது."

"புது ட்யூபுக்குள்ள பவுடர் போட்டுத்தான் வரும், டாக்டர். இல்லேன்னா ரெண்டு பக்க ரப்பரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அந்த மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

இந்தக் 'கிட்டத்தட்ட'வை அவர் தன் மாமியாரிடம் சொல்லும்போது விட்டுவிட்டார். மறுநாள் காலை மாமியார் பெரிய பவுடர் டப்பாவோடு வந்து நின்றார்.

"எதுக்கும்மா இது?"

"நுரையீரலுக்குப் பவுடர் பத்தலைன்னு மாப்பிள்ளை சொன்னாரு. நல்ல பவுடர், வாசனையா இருக்கும்."

டப்பாவை வாங்கி என் மேசை டிராயரில் பூட்டினேன். பவுடர் தூள் குழந்தையின் மூச்சுக்குள் போனால் ஆபத்து. நிறைமாதக் குழந்தைக்கும் அப்படித்தான். மாமியார் மருமகனைத் திரும்பிப் பார்த்த பார்வையின் சூட்டுக்கு அவர் குடையை விரித்திருக்கலாம்.

மருந்து வேலை செய்தது. மருந்து விட்ட குழாயை எடுத்துவிட்டு, மூக்கில் மட்டும் இரண்டு சின்னக் குழல்களை வைத்தோம். அதன் வழியாக இதமான அழுத்தத்தில் காற்று போய்க்கொண்டே இருக்கும். குழந்தை மூச்சை வெளியே விட்டாலும் பைகள் முழுக்கச் சுருங்கி ஒட்டிவிடாது. அந்தக் காற்றின் மறுமுனை பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் முங்கியிருக்கும்.

காத்துக்காரரை உள்ளே விடுவதற்கு முன்னால் மூன்று முறை கை கழுவவைத்தேன். நகக்கண்ணில் கிரீஸ் அசையவில்லை. "இது பிறவியிலேயே வந்தது, சிஸ்டர்" என்றார். பிரஷ் கொடுத்தேன். போனது.

உள்ளே வந்தவர் மகளைப் பார்த்தார். தொப்பி போட்ட, அவர் உள்ளங்கைக்குள் அடங்குகிற உருவம். அதன் பிறகு பக்கத்திலிருந்த பாட்டிலைப் பார்த்தார். கொடகொடவென்று குமிழி வந்துகொண்டிருந்தது.

நான் அடுத்த தொட்டில் பக்கம் திரும்பியிருந்தேன். "லீக்கு, சிஸ்டர், லீக்கு" என்று குரல் கேட்டது. அதற்குள் பாட்டிலுக்குப் போகிற குழாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துவிட்டார். நான் அவர் மணிக்கட்டில் ஒன்று போட்டேன். கை விலகியது. குமிழி மறுபடி வந்தது.

"என்ன பண்றீங்க, தம்பி?"

"காத்து எல்லாம் தண்ணியில போகுது, சிஸ்டர்."

"போகத்தான் வெச்சிருக்கு. உள்ளே தேவைக்கு மேல அழுத்தம் ஏறாம இந்தத் தண்ணிதான் பாத்துக்குது. இங்கே குமிழி வந்தா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். நின்னாதான் எங்கேயோ கழண்டிருக்குன்னு அர்த்தம்."

அவர் பாட்டிலை முறைத்தார். வாழ்நாள் முழுக்கக் குமிழியைத் தேடிப் பிடித்து அடைத்தவர். அது நல்ல செய்தி என்று சொன்னால் எப்படி ஏற்பார்?

"எத்தனை பவுண்டு காத்து வெச்சிருக்கீங்க?"

"பவுண்டெல்லாம் இல்லை. குழாய் தண்ணிக்குள்ள எவ்வளவு ஆழம் முங்கியிருக்கோ அவ்வளவு அழுத்தம். அஞ்சு சென்டிமீட்டர்."

"ஒரு சைக்கிளுக்குக்கூடக் காணாதே."

"இவ சைக்கிள் இல்லை."

"அது சரி" என்று ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் கடையைச் சாத்திவிட்டு மதியத்தில் வருவார். தாயின் பிரசவத் தையலில் வலி இருந்த நாட்களில் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்வு நாற்காலியில் அவரே படுப்பார். குழந்தையை அவர் நெஞ்சின்மேல் குப்புறக் கிடத்தி, ஒரு துணியால் போர்த்திக் கட்டுவோம். அப்படிக் கிடந்தால் குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சும் நாடித்துடிப்பும் சீராகும். முதல் நாள் அவர் பலகை மாதிரிக் கிடந்தார். மனைவி தோளைத் தட்டி, "ஏங்க, மூச்சு விட்டா அவ விழுந்துட மாட்டா" என்றார்.

டாக்டரம்மா ஒரு நாள் மூக்குக் குழலை எடுத்துப் பார்த்தார். அரைமணிக்குள் குழந்தை களைத்துவிட்டது. விலா மறுபடி உள்ளே போனது. குழலைத் திரும்பப் பொருத்தினோம். அன்று போகும்போது காத்துக்காரர் கேட்டார்: "அவளால முடியவே முடியாதுன்னு ஆயிடுமா, டாக்டர்?"

"இப்ப முடியலை, அவ்வளவுதான். உள்ளே அந்தச் சோப்பு தினம் ஊறிக்கிட்டு இருக்கு. வளர்றதுக்கு இடம் கொடுங்க. அடுத்த வாரம் பாப்போம். நுரையீரல்னு பேர் வெச்சவன் தெரிஞ்சுதான் வெச்சிருக்கான். நுரை இல்லாம அது நிக்காது."

அடுத்த முறை குழலை எடுத்தபோது நல்ல வெயில் நேரம். பாட்டிலுக்குப் போகிற காற்றை நிறுத்தியதும் அறையே அமைதியாகிவிட்டது. அந்தக் கொடகொடப்புக்குப் பழகிப்போன காத்துக்காரருக்கு அமைதி பிடிக்கவில்லை. தொட்டில்மேல் குனிந்துகொண்டார். குழந்தை மளமளவென்று சில மூச்சு விட்டாள். பிறகு நின்றாள். வயிறு அசையவில்லை. பிஞ்சுக் குழந்தைகள் இப்படிக் கொஞ்சம் விட்டு விட்டுத்தான் மூச்சு விடும். மூச்சை நடத்துகிற மூளைக்கும் இன்னும் பயிற்சி வேண்டும். நிறம் மாறவில்லை, நாடித்துடிப்பு நன்றாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அவர் முகம்தான் தக்காளியாகச் சிவந்துகொண்டு வந்தது.

"தம்பி, நீங்க மூச்சு விடுங்க. அவ விட்டுக்குவா."

புஸ்ஸென்று விட்டார். அந்தக் காற்று முகத்தில் பட்டதாலோ என்னவோ, குழந்தை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மூச்சிழுத்தாள். அப்புறம் இன்னொன்று. அரைமணி போனது, மாலை ஆனது, விலா உள்ளே போகவில்லை. பால் கொடுக்க வேண்டிய நேரம் சற்றே தாமதமானதும் வாயைத் திறந்து அழுதாள். ஆறு தொட்டிலும் விழித்துக்கொண்டன.

மாமியார் கதவுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "தொண்டையைப் பாரு. அப்பன் கடை லாரி ஹாரன்."

"என் கடையில ஹாரன் கிடையாது, அத்தை."

"இனிமே இருக்கும்."

காத்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிரீஸ் எரிகிறது என்றார். மூன்று முறை கழுவிய கையில் ஏது கிரீஸ்?

வீட்டுக்குப் போன பிறகும் அவர் கொஞ்ச காலம் சும்மா இருக்கவில்லை. தூங்குகிற குழந்தையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பார், அது விழித்து அழும், மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். பரிசோதனைக்கு வந்தபோதெல்லாம் ஒரே கேள்விதான்: மற்ற பிள்ளைகள் அளவுக்கு இவள் நுரையீரல் வருமா? டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பிறந்ததோடு நுரையீரல் வேலை முடிவதில்லை. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் காற்றுப் பைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் உண்டாகும். அப்புறமும் பல வருடம் கூடிக்கொண்டே போகும். வீட்டில் யாரும் புகைபிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சளி பிடித்தால் உடனே கொண்டுவாருங்கள், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். கடைவாசலில் சிகரெட்டோடு நின்ற டிரைவர்கள் எல்லோரும் அன்றிலிருந்து சாலைக்கு அந்தப் பக்கம்.

முதல் இரண்டு மழைக்காலம் நெஞ்சில் இழுப்பு வந்தது. மூன்றாவதில் வரவில்லை. அவள் நடந்தாள், ஓடினாள், டயர்களை உருட்டிக்கொண்டு ஓடினாள்.

போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததாம். உடனே வாருங்கள் என்றார்களாம். ஒரு பஸ்ஸின் சக்கரத்தைப் பாதி கழற்றியபடி விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். வாசலில் டீச்சர் நின்றிருந்தார்.

"உங்க பொண்ணோட எங்களால முடியலைங்க. பாடம் நடத்தவே விடறதில்லை. காலையில இருந்து மூச்சு விடாம பேசுறா."

அவர் காதில் முதலில் விழுந்தது 'மூச்சு விடாம' மட்டும்தான். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. வகுப்பு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மகள் பக்கத்துப் பிள்ளையிடம் கையை ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அங்கேயே நின்று, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை நிதானமாகப் பார்த்தார்.

"இல்லை டீச்சர்" என்றார். "நடுநடுவுல நல்லா விடுறா."