சுவரில் இரண்டாவது வட்டம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். அவிநாசி பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் துணிக்கு ஷேடு பார்ப்பதுதான் என் வேலை. ஒரு விளக்கில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு துணி, இன்னொரு விளக்கில் வேறு வேறாக நிற்கும். அதனால் எதையும் இரண்டு விளக்கில் பார்க்காமல் பாஸ் பண்ண மாட்டோம். அந்தப் புத்திதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் அம்மா கடைசிவரைக்கும் வீட்டுக்கூடத்துச் சுவரில் சாய்ந்துதான் பனியனுக்குப் பிசிறு வெட்டுவார். சாய்ந்தபடியேதான் போயும் சேர்ந்தார், கையில் கத்தரியோடு. அவர் தலை எண்ணெய் சுவரில் வட்டமாக ஊறிக் கிடந்தது. காரியம் முடிந்ததும் பெயிண்ட் அடித்தோம், மறைந்துவிட்டது.

எதிர்ச்சுவர் டியூப் லைட் இரண்டு முனையும் கறுத்துப்போய் அழுது வடிந்துகொண்டிருந்தது. கரண்டும் மிச்சம், கண்ணுக்கும் நல்லது என்று எல்.இ.டி. லைட் வாங்கி மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் பளிச்சென்று வெளிச்சம், பார்த்தால் அம்மாவின் வட்டம் அப்படியே சுவரில் இருக்கிறது. அதற்கு நான் பயப்படவில்லை. எண்ணெய் கசிந்திருக்கும், பழைய வெளிச்சம் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்தில் இன்னொரு வட்டம் இருந்ததுதான் இடித்தது.

அந்த இடத்தில் வேறு யாரும் சாய்ந்ததே இல்லை. நான் உட்கார்ந்து பார்த்தேன், வட்டம் என் காதுக்குக் கீழே நின்றது. என் மனைவி சுமதி விளையாட்டாகப் போய்ச் சாய்ந்தாள். அவள் தலை அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

“ஏனுங்க, அத்தை எனக்கு இடம் புடிச்சு வெச்சிருக்கறாங்களாட்டம் இருக்குதுங்க” என்று சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன்.

மறுபடி பெயிண்ட் அடித்தேன், மறுபடி வந்தது. நாளாக நாளாக அம்மாவுடையது மங்கியது, மற்றது கறுத்தது. சுமதிக்குத் தலைவலி வேறு ஆரம்பித்தது, டாக்டர் ஒன்றுமில்லை என்றார். தொழில் பழக்கம் விடுமா, பழைய டியூப் லைட்டைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். சுவர் சுத்தமாக இருந்தது. எல்.இ.டி.யைப் போட்டால் வட்டம். கண் கூசுகிறது என்று அவளிடம் பொய் சொல்லிப் புது லைட்டை உடைத்துப் போட்டேன்.

தலைவலி விடவில்லை. அந்தச் சுவரில் சாய்ந்தால்தான் வலி தெரியவில்லையாம். இப்போதெல்லாம் அங்கேயே உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறாள், அம்மாவின் கத்தரியால். கெஞ்சிவிட்டேன், திட்டியும் பார்த்துவிட்டேன், கேட்பதில்லை.

போன வாரம் பொழுது சாய்ந்த நேரத்தில் கரண்ட் போனது.

“ஏனுங்க, கத்தரி எங்கியோ உழுந்துருச்சு. செல்லுல லைட்டப் போடுங்க” என்றாள், சுவரோரத்திலிருந்து.

செல் என் கையில்தான் இருந்தது. அதுவும் அதே எல்.இ.டி. வெளிச்சம்தான். சார்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டு மெழுகுவர்த்தி தேடப் போனேன்.