கஞ்சிக்கு எழுதிவைத்த கட்டடம்

என் அம்மா பள்ளிவாசல் மேல் கேஸ் போட்டவள். சிவகாசியில் இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் என்பதால் வேறு ஏதோ சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் சண்டை சாமியோடு இல்லை, ஒரு சன்ஷேடோடு.

அம்மா எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். அப்பா இல்லாத வீடு. அவளும், பிரஸ்ஸில் காலண்டருக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்த நானும்தான். கம்பெனி வேன் வந்து நிற்பது பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைக்கட்டடத்தின் முன்னால். தீபாவளி சீசன், ஐப்பசி மழை. அம்மா ஒதுங்கி நின்றது அங்கிருந்த சன்ஷேடின் கீழே. நோன்பு வரப்போகிறதென்று அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள். பளிச்சென்று இருந்த அந்த சன்ஷேடுதான் உடைந்து அவள் காலில் விழுந்தது.

தொடை எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்தார்கள். சப்பணம் போட்டு உட்கார முடியாதவளுக்குச் சரம் பின்னும் வேலை கிடையாது. மதுரையில் இன்னொரு ஆபரேஷன் செய்தால் கால் மடங்கும் என்றார்கள். அந்தப் பணத்துக்கு நாங்கள் எங்கே போவது? தாய்மாமன்தான் கேஸ் போடச் சொன்னார்.

"சாமி சொத்து மேலயா கேஸ் போடுறது?" என்றாள் அம்மா.

"யக்கா, சாமியா வந்து சிமெண்டு பூசுச்சு? வாடகை வாங்குற கை எதுவோ, அதுதான் பதில் சொல்லணும்."

மாமா முன்கோபி. ஆனால் அன்று அவர் வாயில் வந்தது சட்டம் என்று பிறகுதான் தெரிந்தது.

பள்ளிவாசல் சொத்துகளுக்குப் பொறுப்பான முத்தவல்லி, இரும்புக்கடை பாய். அந்தக் கட்டடத்தை ஏதோ ஒரு காலத்தில் ஒரு வியாபாரி பள்ளிவாசலுக்கு எழுதிவைத்திருந்தார். விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. வாடகை நோன்புக் கஞ்சிக்கும் வெள்ளையடிப்பதற்கும் மட்டும். அந்தக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிக் குடித்து வளர்ந்த தெரு எங்களுடையது.

வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அதே வாரம் பாய் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், கையில் நோன்புக் கஞ்சித் தூக்குவாளியோடு. மாமா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்க வக்கீல் இங்கன வரக் கூடாதுன்னாரு. வந்தா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமாம்," என்றார் பாய். "நோயாளியப் பாக்குறது எங்களுக்குக் கடமை. கேசு அங்கன நடக்கட்டும். கால் எப்படி இருக்கு தாயி?"

"வாங்க பாய். உங்க மேலயே கேஸ் போட்டிருக்கேனே," என்று அம்மா அழுதாள்.

"போட்டது சரிதான். கஞ்சி ஆறிரும், குடிங்க."

அவர் போனதும், "கஞ்சிய ஊத்திக் கேசை அணைக்கப் பாக்காக," என்றார் மாமா. அம்மா குடித்து முடித்தாள்.

கேஸ் இழுத்துக்கொண்டே போய் ஒருவழியாகச் சாட்சிக்கு வந்தது. அடைமழையில் விழுந்தது, யார் மேலும் குற்றமில்லை என்று அவர்கள் வக்கீல் எழுதிக் கொடுத்திருந்தார். பாய் கூண்டில் ஏறி அதற்குத் தலையாட்டினால் எங்கள் கதை முடிந்தது. தெருவில் எல்லோரும் வெள்ளையைப் பார்த்தவர்கள், விரிசலைப் பார்த்தவர் ஒருவருமில்லை.

விரிசல் இருந்ததா என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

"இருந்துச்சுங்கய்யா. வெள்ளையடிக்கிறப்பல்லாம் பாப்பேன்."

ஏன் சரிசெய்யவில்லை?

"கஞ்சிக்கும் வெள்ளைக்கும்னுதான் எழுதி வச்சிருக்கு. ரிப்பேருக்குன்னு எழுதலை. அமானிதமாச்சே, வேறதுக்கு எடுத்தா அல்லாகிட்ட பதில் சொல்லணுமேன்னு பயந்துட்டேன். இப்ப இந்தத் தாயி காலுக்கும் சேத்துப் பதில் சொல்லணும்."

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். அதில் ஒரு பைசாவைத் தப்பாகத் தொடக் கூடாதென்று பயந்த மனிதர், அந்தப் பயத்தாலேயே விரிசலின் மேல் வருடா வருடம் சுண்ணாம்பு பூசியிருக்கிறார். சிரிப்பதா அழுவதா? அவர்கள் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். மாமா என் காதருகே குனிந்து, "மனுசன்யா," என்றார்.

கட்டடத்தை விற்றுப் பணம் எடுக்க முடியாது, ஆனால் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைப் பழுதுபார்ப்பது பொறுப்பாளர் கடமை, நஷ்டஈட்டை வாடகையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மதுரையில் ஆபரேஷன் நடந்தது. கால் மடங்கியது. பாய் அந்தக் கூண்டில் நின்று சொன்ன ஒரு சொல்லுக்கு நான் சாகும்வரை நன்றிக்கடன் பட்டவள்.

அம்மாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. வாடகை தனக்கு வந்துவிட்டால் கஞ்சிக்கு என்ன செய்வார்கள்? "ஊர் வாயில இருந்து பிடுங்கித் தின்னுட்டேனே," என்று புலம்பினாள்.

நோன்பு பிறப்பதற்கு முன்னால் பாய் மறுபடி வந்தார். கஞ்சி நிற்காது, வீட்டுக்கு ஒரு நாள் என்று ஜமாஅத்துக்காரர்கள் பிரித்துக்கொண்டார்கள் என்றார். போகிறபோது வாசலில் நின்று, "ஒரு நாள் மட்டும் மிஞ்சிருச்சு. நீங்க எடுத்துக்கிறீகளா தாயி?" என்று கேட்டார்.

அம்புட்டு வீடு இருக்கையில் ஒரு நாள் எப்படி மிஞ்சும் என்று மாமா கூடக் கேட்கவில்லை.

எங்கள் நாள் வந்தது. அரிசியும் பாசிப்பருப்பும் முதல்நாளே பள்ளிவாசலுக்குப் போய்விட்டன. காலையில் அம்மா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கூடைச் சின்ன வெங்காயத்தையும் உரித்துக் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் தூக்குவாளியோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண், இன்றைக்கு யார் வீட்டுக் கஞ்சி என்று கேட்டாள்.

"நம்ம மேல கேஸ் போட்டுச்சே, அந்தத் தாயி வீட்டுது," என்றார் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த பாய். "இன்னும் ஒரு கரண்டி ஊத்தவா?"