முருகன் கொடுத்த மிஷின்

முருகன் அடியார்களே, நான் எட்டாவதோடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஹைதராபாத்தில், மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்ததால் ஆபரேஷனுக்கு டாக்டர் நாள் குறித்தார். அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் படித்த என் கொழுந்தன் பஞ்சாங்கத்தை அச்செடுத்து வந்தான். அன்று மூல நட்சத்திரம்.

"மூலமா? குடும்பத்துக்கே ஆகாது. முன்னாடியே பூசம் வருதில்ல, அன்னைக்கு எடுக்கச் சொல்லு," என்றார் மாமியார்.

நுரையீரல் முற்றாது என்று டாக்டர் மறுத்தார். "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு, இவங்க என்ன பெருசா?" என்று வேறு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள்.

பூசத்தில் பிள்ளை பிறந்தான். அழவில்லை. முனகினான். மூச்சுக்கு மூச்சு நெஞ்சு குழி விழுந்தது. உதடு நீலம். வண்டியில் ஏற்றினால் தாங்க மாட்டான் என்றார்கள். அங்கே சுவாச மிஷின் ஒன்றுதான். அதில் பக்கத்துக் கட்டில் லட்சுமியின் குழந்தை இருந்தது. என் பிள்ளைக்கு நர்ஸ் கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தாள்.

"நல்ல நேரத்துல எடுத்தும் மூச்சு விடத் தெரியல. எல்லாம் உன் வயித்துக் கோளாறு," என்றார் மாமியார்.

லட்சுமிதான் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "ஏடவகு அக்கா," என்றாள். தெலுங்கில், அழாதே என்று அர்த்தம்.

முருகா, எங்கிருந்தாவது ஒரு மிஷின் கொடு என்று கதறினேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆயாம்மா ஓடி வந்தாள். "ரோனா நக்கோ அம்மா, மிஷின் மில்கயா!" அழ வேண்டாம், கிடைத்துவிட்டது என்றாள். முருகா என்று கை கூப்பினேன். அப்போதுதான் பக்கத்துக் கட்டிலில் லட்சுமி அலறினாள்.

"பாத்தியா, பூசம் கைவிடல," என்றார் மாமியார், சத்தமாக. லட்சுமிக்குத் தமிழ் தெரியாது. அதற்கும் முருகனுக்கு நன்றி சொன்னேன். அவளிடம் ஏடவகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று என் மகன் பள்ளிக்கூடம் போகிறான். மாடிப்படியில் மூச்சு வாங்காமல் ஓடுகிறான். முருகன் கொடுத்த உயிர். மாதாமாதம் பூசத்தன்று இரண்டு அர்ச்சனை செய்கிறேன். இரண்டாவது அர்ச்சனைக்குக் குருக்கள் கேட்பார்:

"குழந்தை பேர் என்னம்மா?"

"பேர் வைக்கல சாமி."

நீங்களும் அவனை நம்பிக் கேளுங்கள். கொடுப்பான். கேட்கும்போது பக்கத்துக் கட்டிலுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.