மூன்று காலமும் ஒரு கறுப்புக் கோட்டும்

விடுதியில் மாடிக்கு வெந்நீர் தூக்குகிறவனுக்கு முதுகு பலமாக இருந்தால் போதும் என்று சொல்லித்தான் வேலைக்கு எடுப்பார்கள். அப்புறம் நாக்கில் குற்றம் கண்டுபிடிப்பார்கள். என்னைப் போல அடுத்தவர் கதவைத் தட்டிப் பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஒரு விடுதியில் இருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு.

இந்தா வந்துட்டேன்

அங்கே குழாயில் வெந்நீர் வராது. பின்கட்டில் கொப்பரை வைத்து விறகில் காய்ச்சி, வாளி வாளியாகத் தூக்க வேண்டும். ஒரு நாள் வெள்ளனே ஏழாம் நம்பர் அறைக்காரர் மாடியிலிருந்து சத்தம் போட்டார். நம் ஊரில் அடுப்படியை விட்டு நகராமலே "இந்தா வந்துட்டேன்" என்போம் அல்லவா? அதையே இங்கிலீஷாக்கி, "ஐ கேம் சார்" என்று கீழிருந்து குரல் கொடுத்தேன்.

அவர் என்னை நம்பி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இடுப்புத் துண்டோடு நின்றார். விறகோ ஈரம். நான் வாளியோடு போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பல் கிட்டியிருந்தது. மானேஜர் எல்லார் முன்னாலும் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டார்: "ஏலே, நீ கெடக்கிறது அடுப்படியில, ஒன் இங்கிலீஷ் மட்டும் மாடி ஏறி வந்துருச்சா?"

ஸ்டெல்லா டீச்சர்

அந்த வருஷம் சாப்பாட்டு அறையில் பரிமாறுகிறவர்களுக்குத் தலைவரான ஹெட் பேரர் வேலையை விட்டுப் போவதாக இருந்தார். அவர் இடத்துக்கு வருகிறவனுக்குக் கறுப்புக் கோட்டு, வாளி கிடையாது. எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. இருந்தவர்களில் நான்தான் பழைய ஆள். மானேஜரோ, "நேத்து, இன்னைக்கு, நாளைக்கு, மூணையும் இங்கிலீஷ்ல ஒழுங்காப் பேசுறவனுக்குத்தான் கோட்டு. சீசன் முடிஞ்சதும் பரீட்சை" என்று சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா மிஷன் பள்ளியில் டீச்சர். வெட்கத்தை விட்டு அவரிடம் போனேன். ஒரே வினையை மூன்று காலத்திலும் எழுதி வரச் சொன்னார். மனசில் கிடந்ததை எழுதிக் கொண்டுபோனேன்: மானேஜர் திட்டினார், திட்டுகிறார், திட்டுவார். படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: "எல்லாம் சரிண்ணே, ஆனா ஒங்க மூணு காலத்துலயும் அந்த ஆளு ஒருத்தருதானா?"

பரீட்சை

சீசன் முழுக்க வாளியோடு படி ஏறும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பிராட், பிரிங், வில் பிரிங். பரீட்சையில் ஒன்றுகூடத் தப்பவில்லை. என்னோடு எழுந்து நின்றவன் செல்வம், மானேஜரின் மைத்துனன். பாலசமுத்திரத்திலிருந்து சீசன் தொடக்கத்தில்தான் வந்து சேர்ந்திருந்தான். நேற்றுக் கொடுத்த சூப்பை நாளைக்குக் கொடுத்ததாகச் சொல்லிவிட்டுச் சிரித்தான்.

மானேஜர் என் தோளில் தட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் கை என் மேல் அன்பாகப் பட்டது அந்த ஒரு தடவைதான். "பரவாயில்லையே, வாளி தூக்குறவன் வாயிலயும் இம்புட்டு இருக்கா! திங்கக்கெழம சொல்றேன்."

பெருமாள்மலை டெய்லர்

ஞாயிற்றுக்கிழமை கால்சட்டை தைக்கக் கொடுக்கப் பெருமாள்மலை போனேன். எங்கள் விடுதித் துணியெல்லாம் அந்தக் கடையில்தான் தைப்பார்கள். ஆணியில் புதுக் கறுப்புக் கோட்டு தொங்கியது. எனக்குத்தான் என்று நினைத்தேன். ஆசை விடவில்லை, எடுத்து மாட்டிப் பார்த்தேன். கை, என் விரலைத் தாண்டித் தொங்கியது.

டெய்லர் பதறி எழுந்தார். "அத ஏண்ணே மாட்டுறீங்க? செல்வம் தம்பிக்குத் தச்சதுல்ல, சீசன் ஆரம்பத்துலயே மானேஜர் கூட்டியாந்து அளவு கொடுத்துட்டாரே!"

அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் நான் வெந்நீர் தூக்கினேன். செல்வம் கடைசிவரை மூன்று காலத்தையும் தப்பாகத்தான் பேசினான், கோட்டு மட்டும் அவனுக்குக் கச்சிதமாக இருந்தது.