நெய்யாற்றின்கரை போர்டும் மார்த்தாண்டம் பிராசஸரும்

பாறசாலைக்காரர்களுக்கு எதையும் ஒரே இடத்தில் வாங்கத் தெரியாது. காய்கறிக்குக் களியக்காவிளை, மருந்துக்கு நெய்யாற்றின்கரை. அதே புத்தியோடு கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்கப் போனேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் அக்காவுக்கு அந்த மாதம் ஒரே ஒரு ஞாயிறுதான் லீவு. சேர்ந்து கேம் ஆடும்போதுதான் நாங்கள் மனம்விட்டுப் பேசுவோம். வெறுமனே போன் செய்தால் "சாப்பிட்டியா"வோடு பேச்சு தீர்ந்துவிடும். அவள் ஆடும் புதுக் கேம் என் பழைய கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை.

அதற்காகப் புது மதர்போர்டை நெய்யாற்றின்கரையில் வாங்கினேன். பிராசஸருக்குத்தான் ஒரு வாரம் மண்டை காய்ந்தது. வீடியோவில் ஒருவன் எட்டு கோர் உள்ள பிராசஸர் இல்லாமல் ஆடவே முடியாது என்றான், இன்னொருவன் ஆறே தாராளம் என்றான். நாசமாய்ப் போக! கடைசியில் மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பெரியப்பா மகனிடம் போனேன்.

"போர்டு ஏதாக்கும்?" என்று அண்ணன் கேட்டார்.

வேறு கடையில் வாங்கினேன் என்றால் அவர் முகம் வாடும். பெரியம்மா காதுக்கும் போகும். "வீட்டுல பழசு ஒண்ணு உண்டு அண்ணா" என்று புளுகினேன்.

"பழசுன்னா இது சரியாட்டு கேறும்" என்று ஒரு பிராசஸரை எடுத்துத் தந்தார்.

ஞாயிறு சர்ச் முடிந்து வந்து பெட்டியைப் பிரித்தேன். பிராசஸர் உட்காரவில்லை. திருப்பி வைத்தாலும் உட்காரவில்லை. அது பழைய போர்டுக்கு உள்ளது, புது போர்டின் குழியே வேறு; என் பழைய கம்ப்யூட்டரோ அதைவிடப் பழசு. அண்ணனுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

"அண்ணைக்கே சொல்லியிருந்தா ஒரு நிமிஷ வேலயாக்கும். இண்ணைக்கு கடை இல்ல. நாளைக்கு வா, மாத்தித் தாறேன்."

நாளைக்கு! நாளை அக்காவுக்கு டூட்டி. எனக்கு வந்த கோபத்தை என் தலையிலேயே அடித்துத் தீர்த்துக்கொண்டேன்.

அக்காவைக் கூப்பிட்டு இன்று முடியாது என்றேன். "சாரமில்ல, பின்ன பாக்கலாம்" என்றாள், ஆனால் போனைத் துண்டிக்க மறந்துவிட்டாள். கேம் தொடங்கும் சத்தம் கேட்டது. கூட வேலை செய்யும் கொல்லத்துக்காரி ஒருத்தி என் இடத்தில் சேர்ந்திருந்தாள், பேச்சிலேயே தெரிந்தது.

"மக்கா, நீ எனக்க பொறத்த நில்லு. நான் முன்ன போறேன்" என்று அக்கா அவளிடம் சொன்னாள்.

இத்தனை வருஷமும் அவள் அதை என்னிடம்தான் சொல்லியிருக்கிறாள். போனை நான் வைத்தேன்.